மைக்கேல் ஜாக்சன் பாடல்களில் பிள்ளைமையும் பெயரும்

அமெரிக்க நாட்டு இசைவாணர் மைக்கேல் ஜாக்சன் 1958ஆம் ஆண்டில் தோன்றி 2009ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர்தம் பாடல்களைப் பற்றி எழுதுவோர் அவற்றுள் இருவகையினைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவர். இழந்த பிள்ளைமையை எண்ணி இரங்குவன ஒருவகை. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தம்மை நெருக்குதல் கண்டு வெகுள்வன மற்றொருவகை. முன்னவை மெல்லிய ஓசையும் பின்னவை வல்லோசையும் உடையன. ஆதலின் இப்பகுப்பு இயல்பானதாகவே தோன்றும். ஆயினும், அப்பாடல்களை அவை வெளிவந்த முறையோடு சேர்த்துவைத்து நோக்கின், இரண்டும் ஒரே பொருளின் இரு கூறுகள் என்பது புலனாகும். பிள்ளைமையைப் பாடும்போதும் அவர் தம்மைப் பழிப்போரை முன்னிலையாக்கியே பாடுகிறார். இதனை நிறுவுதலும், இவ்வாறு பாடியதனால் பாட்டு அடைந்த ஊதியம் யாது, இழப்பு யாது எனக் காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவருடைய இளமை வரலாற்றுள் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவனவற்றைக் காண்போம். இந்தியானா மாநிலத்துக் கேரி என்னும் நகரம் எஃகு ஆலையால் எழுந்த ஊர். மைக்கேலின் தந்தை ஜோசப் ஆலையில் பளுதூக்கும் பொறியை இயக்கும் தொழிலாளர். படுக்கையறை இரண்டே உடைய சிறிய வீட்டில் மக்கள் ஒன்பதின்மர் வளர்ந்தனர். தாய் காதரின் 'யெகோவாவின் சாட்சிகள்' என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். அப்பிரிவினர் பிறந்தநாளும் கிறிஸ்துமசும் கொண்டாடுவதில்லை. ஆண்மக்கள் ஐவரைத் தந்தை ஓர் இசைக்குழுவாக்கிப் பயிற்றினார். பயிற்சியின்போது அவர் கையில் தோல்வார் இருந்தது என்றும், தவறியவர் அடிபட்டனர் என்றும் மைக்கேல் பின்னாளில் பன்முறை கூறியுள்ளார். 1969இல் அக்குழு மோட்டவுன் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியே நாடறிந்ததாயிற்று. அதன் முதல் நான்கு தனிப்பாட்டுத் தட்டுகளும் 1970ஆம் ஆண்டிற்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. முன்னின்று பாடிய மைக்கேலுக்கு அப்போது அகவை பதினொன்று. 1971இல் அச்சிறுவர்களைப் பாத்திரங்களாகக் கொண்ட கேலிச்சித்திரத் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் ஓடலாயிற்று. தன் உருவத்தைப் பிறர் தீட்டிய சித்திரமாகக் காணும் நிலை பதின்மூன்றாம் அகவையிலேயே அவருக்கு வாய்த்தது.

இவ்விடத்து ஒரு சிறு செய்தி குறிக்கத்தக்கது. இசைக்குழுவை உலகிற்கு அறிமுகப்படுத்தியபோது, பத்தகவை கடந்த சிறுவனை எட்டகவையினன் என்று கூறும்படி நிறுவனத்தார் ஏற்பாடு செய்தனர். குழுவைக் கண்டெடுத்தவர் புகழ்பெற்ற பாடகி டயானா ராஸ் என்பதும் அவ்வாறே புனையப்பட்ட கதையாகும். முதல் இசைத்தொகுதியின் பெயரிலேயே அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மைக்கேல் தம் தன்வரலாற்றில் இதனை மறைக்காது எழுதியுள்ளார். எனவே, அவருடைய பிள்ளைமையும் விளம்பரமும் தொடக்கத்திலேயே பின்னிக் கிடந்தன. செய்தியாளர் முதன்முதலாக அச்சேற்றிய பொய் அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றியதே. அப்பொய்யைச் சொன்னவரும் அச்சிறுவரே.

அந்நாளில் அவர் பாடியவை யாவை? பிரிந்த காதலியை எண்ணி ஏங்குவனவும் செய்த பிழைக்கு வருந்துவனவுமாகிய முதியோர் பாடல்கள். ஸ்மோக்கி ராபின்சன் இயற்றிய 'ஹூஸ் லவிங் யூ' என்னும் பிரிவுத்துயர்ப் பாட்டினை அவர் முதல் தொகுதியில் பாடியிருக்கிறார். அதனைக் கேட்போர் இன்றும் வியப்பர். வியப்போடு ஓர் உறுத்தலும் எழும். காதலும் பிரிவும் அறியாத சிறுவனின் குரலில் அத்துணைத் துயர் எங்ஙனம் வந்தது என்னும் வினா தவிர்க்க இயலாதது. மோட்டவுன் இசையரங்கிற்கு எதிரே ஒரு பூங்கா இருந்தது. பதிவிற்குச் செல்லும்போது அங்கு விளையாடும் பிள்ளைகளைத் தாம் பார்த்துக்கொண்டே நின்றதாக அவர் எழுதியுள்ளார். பிள்ளையாய் இருந்தபோது முதியோர் துயரைப் பாடினார். முதிர்ந்தபின் பிள்ளையின் துயரைப் பாடினார். முன்னதற்குச் சொல் பிறருடையது. பின்னதற்குச் சொல் அவருடையதே.

இனி, செய்தியாளரைப் பற்றிய பாடல்களுக்கு வருவோம். புறங்கூறுதலையும் பொய்ப்பழியையும் பற்றிய குறிப்பு 1982இல் வந்த 'திரில்லர்' தொகுதியிலேயே உளது. எனினும் அங்கு அது காதல், குடும்பம் என்னும் வட்டத்திற்குள் அடங்கியே நிற்கிறது. 1987ஆம் ஆண்டுத் தொகுதியாகிய 'பேட்' என்பதன் குறுந்தட்டில் மட்டும் சேர்க்கப்பட்ட 'லீவ் மீ அலோன்' என்னும் பாட்டு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. 'என்னை என்பாட்டில் விட்டுவிடுங்கள்' என்பது அத்தலைப்பின் கருத்து. பாட்டின் சொற்களை மட்டும் நோக்கினால், தன்னை வருத்திய பெண்ணை நோக்கி ஓர் ஆடவன் கூறும் ஊடலுரையாகவே அது அமைந்துள்ளது. செய்தித்தாள் என்னும் சொல்லே அதில் இல்லை. ஆனால், ஆணும் பெண்ணும் பற்றிய பாட்டாயினும் தம்மைத் தொல்லைப்படுத்துவோர்க்கே அதனைக் கூறுவதாக அவர் தன்வரலாற்றில் உரைத்தார். 1989இல் வெளிவந்த அதன் படக்காட்சி அவ்வுட்பொருளை வெளிப்படையாக்கிற்று.

ஜிம் பிளாஷ்பீல்டு இயக்கிய அப்படத்தில், குள்ளர் நாட்டில் கட்டுண்டு கிடந்த கல்லிவரைப் போல, மைக்கேல் பேருருவினராகத் தரையோடு பிணிக்கப்பட்டுக் கிடக்கிறார். அவர் உடலின்மீது ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டப்பட்டிருக்கிறது. ஊர்திகள் அவர் உடலைச் சுற்றி ஓடுகின்றன. வம்புச் செய்தித்தாள்களின் தலைப்புகள் இடையிடையே தோன்றுகின்றன. உயிர்வளி நிறைந்த கண்ணாடிப் பேழையுள் அவர் உறங்குகிறார், 'யானை மனிதர்' எனப்பட்ட பழங்கால நோயாளியின் எலும்புகளை விலைக்குக் கேட்கிறார் என்று அக்காலத்தில் பரவிய கதைகள் அங்கு எள்ளி நகையாடப்படுகின்றன. இறுதியில் அப்பேருருவம் எழுந்து பூங்காவைத் தகர்க்கிறது. 1990இல் இப்படத்திற்குக் கிராமி விருது கிடைத்தது.

படத்தின் புனைதிறன் எல்லோராலும் பாராட்டப்பட்டது. யாம் சுட்ட விரும்புவது வேறொன்று. செய்தியாளர் தரும் துன்பத்தைக் காட்ட அவர் தெரிந்தெடுத்த உவமம் சிறையன்று, வேட்டையன்று; பிள்ளைகள் களிக்கும் பூங்காவாகும். பிறர் குழந்தைகள் மகிழ்வதற்காகத் தன் உடலே தரையாயிற்று என்னும் எண்ணம் அதனுள் உறைகிறது. அதற்கு முந்திய ஆண்டிற்றான், 1988இல், கலிபோர்னியாவில் ஏறத்தாழ 2,700 ஏக்கர் பரப்புள்ள பண்ணையை வாங்கி, பீட்டர் பான் கதையில் வரும் தீவின் பெயரால் 'நெவர்லேண்டு' என அழைக்கலானார். பின்னர் அதனுள் ஊஞ்சல் இராட்டினங்களையும் அமைத்தார். ஒரு கையால் தகர்த்ததை மறு கையால் கட்டினார் போலும்!

ஈண்டு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. கண்ணாடிப் பேழைக் கதையும் எலும்புக் கதையும் பகைவர் புனைந்தவை மட்டும் அல்ல; அவை அவர் தரப்பினராலேயே விளம்பரத்தின் பொருட்டு இதழ்களுக்கு ஊட்டப்பட்டன என அவர் வரலாற்றை எழுதினோர் காட்டுவர். எட்டகவை என்று பொய்யுரைக்கக் கற்ற சிறுவன் முப்பதாம் அகவையை நெருங்கும்போதும் அப்பாடத்தை மறக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும். வேறுபாடு ஒன்றே. முன்னைய பொய் அவருக்குப் பயன்பட்டது; பின்னைய கதைகளோ அவர் கட்டளைக்கு அடங்காமல் பெருகின. 1991ஆம் ஆண்டின் 'டேஞ்சரஸ்' தொகுதியில், பசியும் நோயும் கல்லாமையும் உலகில் மலிந்திருக்க என்னையே ஏன் பற்றுகிறீர் என வினவும் பாட்டு ஒன்று உளது. அது பிறர் இயற்றியது, ஆழமும் இல்லாதது. அதனை இம்மட்டில் விடுவோம்.

1993ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிலை முற்றும் மாறிற்று. ஒரு சிறுவனிடம் அவர் தகாத முறையில் நடந்தார் என்னும் குற்றச்சாட்டு வெளிப்பட்டது. அவர் அதனை மறுத்தார். 1994 ஜனவரியில் உரிமை வழக்கு பொருள் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. குற்ற வழக்குத் தொடுக்கப்படவில்லை. இதன்பின் 1995 ஜூனில் வந்த தொகுதியே 'ஹிஸ்டரி' என்பது. அதற்கு முன்னோடியாக மே மாதத்தில் ஒரு தனிப்பாட்டுத் தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பாட்டு 'ஸ்க்ரீம்', அஃதாவது 'அலறல்'. தங்கை ஜேனட்டுடன் சேர்ந்து செய்தியாளரின் நெருக்குதலைத் தாங்காது கதறும் பாட்டு. மற்றொன்று 'சைல்டுஹூட்', அஃதாவது 'பிள்ளைமை'. ஒன்று இரும்பை இரும்பால் அறைவது போன்ற ஓசையுடையது. மற்றொன்று பியானோவும் நரம்பிசைக் குழுவும் தழுவிச் செல்வது. இவ்விரண்டினையும் அவர் ஒரே தட்டில் இணைத்தார். இணைப்பு தற்செயலாயிருக்கலாம் எனின், தொகுதியின் வைப்புமுறையை நோக்குக. புதிய பாடல்கள் அமைந்த இரண்டாம் தட்டில் 'சைல்டுஹூட்' பத்தாவது. அதனை அடுத்துப் பதினொன்றாவதாக நிற்பது 'டாப்லாய்டு ஜங்கி'. வம்புத்தாளுக்கு அடிமையானோரைச் சாடும் பாட்டு அது. பிள்ளைமை முடிந்த இடத்தில் வம்புத்தாள் தொடங்குகிறது.

'சைல்டுஹூட்' என்னும் பாட்டினை இனிச் சற்று விரித்து நோக்குவோம். தொடக்கமே வினாவாகும், என் பிள்ளைமையை எவரேனும் கண்டதுண்டா என்பது அதன் கருத்து. தவறவிட்ட பொருள்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில் ஒருவன் தன் பொருளைத் தேடுதல் போல, பாடுவோன் தன் நெஞ்சினுள் அதனைத் தேடுகிறான். கடற்கொள்ளையர், அரியணை ஏறிய மன்னர் எனச் சிறுவர் கதைகளின் உலகம் தலைகாட்டுகிறது. இவற்றினிடையே 'மக்கள் கூறுகின்றனர்' என்னும் கருத்துடைய தொடர் புகுகிறது. எளிய பொருள்களை விரும்புவதால் நான் செம்மையான நிலையில் இல்லை என்கிறார்கள் என்பது அப்பகுதியின் பொருள். தாலாட்டுப் போன்று செல்லும் பாட்டினுள் வம்புத்தாளின் குரல் நுழைந்துவிடுவதைக் காண்க. அதற்கு விடையாகவே, என்னைத் தீர்ப்பிடுமுன் அன்புகொள்ள முயலுங்கள் என்னும் வேண்டுகோள் வருகிறது. இது தனிமையில் தன்னோடு தான் கூறும் இரக்கமன்று. மன்றத்தின் முன் நின்று கூறும் விண்ணப்பம்.

மற்றொரு நுட்பமும் உளது. பொருளைத் தேடுகிறவன் அதனை முன்பு உடையவனாயிருத்தல் வேண்டும். ஆனால், அப்பாட்டிலேயே, நான் ஒருபோதும் அறியாத பிள்ளைமைக்கு ஈடுசெய்து கொள்ளுதல் என் ஊழாயிற்று என்னும் கருத்தும் வருகிறது. இழந்தாரா, பெறவே இல்லையா? இம்மாறுபாட்டைக் குற்றம் எனச் சிலர் கூறக்கூடும். யாம் அவ்வாறு கருதவில்லை. பெறாததை இழந்ததாக உணர்தலே அத்துயரின் இயல்பு. பூங்காவைப் பார்த்து நின்ற சிறுவனுக்கு அங்கு ஆடிய ஆட்டங்கள் என்றும் தன்னுடையன அல்ல; ஆயினும் கண்ணாற் கண்டான். அப்பாட்டின் படக்காட்சியில் பிள்ளைகள் ஏறிய கப்பல்கள் வானத்தில் மிதந்து செல்ல, காட்டினுள் அவர் கீழே தனியே அமர்ந்து பார்த்திருப்பதும் இதனோடு பொருந்தும்.

குற்றம் வேறிடத்தில் உளது. பாட்டு தன் வழக்கைத் தானே வாதிடுகிறது. இசையும் அவ்வழக்கிற்குத் துணையாகக் கண்ணீரை வேண்டி நிற்கிறது. துயரைக் காட்டுதல் வேறு. துயரைச் சான்றாக நீட்டுதல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்கத் தமிழ் இலக்கணக் கொள்கை ஒன்று கருவியாகப் பயன்படும். அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பெயர் தோன்றின் அது புறமாகும். வேப்பந்தழை என்னும் அடையாளம் ஒன்று நுழைந்தமையால் நெடுநல்வாடையையே புறம் என்றனர் உரைகாரர். பெயர் இல்லாத தலைவனின் துயர் எல்லோருடைய துயரும் ஆகலாம். பெயருடையவனின் துயரோ அவன் வரலாறாகவே நிற்கும். 'லீவ் மீ அலோன்' பெயரற்ற காதலன் குரலில் அமைந்தது. அதனால் செய்தியாளரை அறியாத ஒருவனும் தன் ஊடலை அதில் காணலாம். 'சைல்டுஹூட்' பாட்டில் பெயர் எங்கும் இல்லை. எனினும் பாடுவோன் யார் என்பதை அறியாது அதனைக் கேட்டல் இயலாது. பெயரைச் சொல்லாமலே பெயரால் நிறைந்த பாட்டு அது.

தொகுதியோடு வந்த சிறு நூலில் அவரே வரைந்த படம் ஒன்று அச்சிடப்பட்டது. சுவர் மூலையில் ஒடுங்கி அமர்ந்த சிறுவன், கையில் ஒலிவாங்கி. யாம் அப்படத்தைப் பாட்டினும் உயர்வாக மதிக்கிறோம். அதில் வேண்டுகோள் இல்லை.

இப்பாட்டு எத்தகைய வேளையில் எவற்றிற்கு விடையாக வந்தது என்பதை விலக்கிவிட்டு அதனை மதிப்பிடுதல் கூடாது. என் பிள்ளைமையை எண்ணிப் பாருங்கள் என்று கேட்டவரிடம், பிற பிள்ளைகளைப் பற்றிய வினா எழுப்பப்பட்டிருந்தது. 2003இல் வேறொரு சிறுவன் தொடர்பான குற்றச்சாட்டின்மேல் அவர் கைது செய்யப்பட்டார். 2005 ஜூன் 13ஆம் நாள் சான்டா மரியா நகர நீதிமன்றத்தில் நடுவர் குழு எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. அவர் மறைந்தபின், 2019இல் வெளிவந்த ஆவணப்படத்தில், தாங்கள் சிறுவராய் இருந்தபோது அவரால் தீங்குற்றதாக ஆடவர் இருவர் கூறினர். அவருடைய சொத்துரிமைப் பொறுப்பாளர் அதனை மறுக்கின்றனர். பாட்டு இவற்றுள் எதற்கும் சான்று ஆகாது. அவர்பால் அன்புடையோர் 'சைல்டுஹூட்' பாட்டைக் குற்றமின்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவதும், வெறுப்போர் அதனையே குற்றத்திற்குச் சான்றாகக் கொள்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். ஆயினும் இப்பிழைக்கு வழி திறந்துவிட்டவர் பாடியவரே என்பதையும் மறுத்தற்கில்லை. அன்புகொண்டபின் தீர்ப்பிடுக என்று கேட்கும் பாட்டினை, வேறு பிள்ளைகளை எண்ணித் தயங்கிக் கேட்பவர்பால் பிழையில்லை.

அவர் தமக்கு வேண்டிய அதே பரிவினைப் பிறர்க்கு அளித்த இடம் ஒன்று உண்டு. அது பாட்டன்று, 2001ஆம் ஆண்டு மார்ச்சில் ஆக்ஸ்போர்டு மாணவர் கழகத்தில் ஆற்றிய உரை. அங்கு அவர் தம் தந்தையைப் பற்றிப் பேசினார். தென்மாநிலத்து வறுமையில் வளர்ந்து, அன்பு காட்டக் கல்லாதவர் அவர் என்றார். சில வாரங்களுக்கு ஒருமுறை தந்தை தமக்காக இனிப்பு அப்பம் வாங்கிச் சமையலறை மேசைமேல் சொல்லாது வைத்துச் சென்றமையை நினைவுகூர்ந்தார். தோல்வாரை ஏந்திய கையும் அப்பம் வைத்த கையும் ஒன்றே என்பதை அவ்வுரை மறைக்கவில்லை. இப்பொருள் பாட்டாக வந்திருப்பின் 'சைல்டுஹூட்' பாட்டினும் சிறந்திருக்கும் என்பது எம் கருத்து. அவ்வாண்டின் 'இன்வின்சிபிள்' தொகுதியில் வந்ததோ 'பிரைவசி' என்னும் சினப்பாட்டே. புகைப்படக் கருவியின் ஓசையோடு தொடங்கும் அதில் பழைய வெகுளி உண்டு, புதிய சொல் இல்லை.

சிறந்த பாட்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது. 1993 செப்டம்பரில், குற்றச்சாட்டுச் செய்தி உலகெங்கும் பரவியிருந்த வேளையில், இசைப்பயணமாக மாஸ்கோ சென்றிருந்தபோது அவர் இயற்றிய 'ஸ்ட்ரேஞ்சர் இன் மாஸ்கோ', அஃதாவது 'மாஸ்கோவில் ஓர் அயலான்' என்னும் பாட்டு அது. 'ஹிஸ்டரி' தொகுதியில் மூன்றாவதாக நிற்கிறது. மழையில் ஒருவன் தெருவில் திரிகிறான். புகழிலிருந்து சடுதியில் வீழ்ந்ததை ஒருமுறை கூறுகிறான். செய்தியாளர் என்ற சொல் இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் அயல்நாட்டு ஒற்றர் பின்தொடர்கின்றனர். என் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், என்னை விட்டுவிடுங்கள் என்னும் கருத்து அங்கு வருகிறது. 'லீவ் மீ அலோன்' என்னும் பழைய வேண்டுகோளே இது. ஆனால் இப்போது அதற்கு விலையாகத் தன் பெயரையே கொடுக்க முன்வருகிறான். பெயரைத் துறந்த அந்நொடியில், தெருவில் இரந்து திரியும் சிறுவன் ஒருவன் அவனைப் பெயரிட்டு அழைக்கிறான். பிள்ளைமையும் பெயரும் இங்கு இரண்டடிக்குள் எதிரெதிர் நிற்கின்றன. ஒருவன் தன் பெயரை வேண்டாம் என்கிறான். ஒன்றுமில்லாத சிறுவன் அப்பெயர் ஒன்றையே அறிந்திருக்கிறான். அச்சிறுவனைப் பார்த்து இவன் என் பிள்ளைமை என்று பாடுவோன் கூறவில்லை. கூறாமை நன்று.

பாட்டின் இறுதியில் இசை தேயும்போது, உருசிய மொழியில் ஓர் ஆணின் குரல் கேட்கிறது. மேலைநாட்டிலிருந்து ஏன் வந்தாய், ஒப்புக்கொள் என்று உசாவும் ஒற்றுத்துறையினன் குரல் அது. 'சைல்டுஹூட்' பாட்டில் பாடுவோன் மன்றத்தை வினவினான். இங்கு மன்றம் அவனை வினவுகிறது. அவன் விடை கூறவில்லை. 'ஸ்க்ரீம்' வெளிவந்த முதல் வாரத்திலேயே அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாமிடத்தில் புகுந்தது. 1997இல் அந்நாட்டில் தனித்தட்டாக வெளியிடப்பெற்ற இப்பாட்டு 91ஆம் இடத்திற்குமேல் ஏறவில்லை.